கறுப்பு நாயை வரைந்தால் வெறும் கறையாக வருகிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர்: தாழ்வாரம்

வணக்கம். எங்கள் மணிக்கு 13 வயது நடக்கிறது. மூக்கு முதல் வால் வரை கறுப்பு. மூஞ்சியைச் சுற்றியும் புருவ மேட்டிலும் மட்டும் இரண்டு வருடமாக நரை ஏறியிருக்கிறது. அவன் இருக்கும்போதே அவனை ஒழுங்காக ஒரு படமாவது வரைந்துவிட வேண்டும் என்று ஆறு மாதமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

எனக்குப் பென்சில்தான் பழக்கம். 6பி என்ற மெதுவான, கறுத்த பென்சிலை வைத்து அழுத்தித் தீட்டினால் ஈயம் மாதிரி மின்னுகிறதே தவிர, கறுப்பாகவே மாட்டேன் என்கிறது. சரி என்று வாட்டர்கலரில் கறுப்பை எடுத்துப் பூசினேன். காகிதத்தில் நாய் வடிவத்தில் ஓட்டை விழுந்தது போல இருந்தது. பின்னங்கால்கள் எப்படி வரைந்தாலும் நாற்காலிக் கால் மாதிரி விறைப்பாக நிற்கின்றன. போட்டோவைப் பார்த்து வரைந்தால் மூக்கு பெரிதாகி வேறு ஏதோ நாய் ஆகிவிடுகிறது. வீட்டில் யாருக்கும் அது மணி என்று தெரியவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். எங்கிருந்து திருத்த ஆரம்பிப்பது?

பதில்: செம்மண்கோடு

நான் பதினோரு வருடமாகப் பிராணிகளை மட்டுமே வரைகிறேன். பகலில் வேறு வேலை, சாயங்காலம் இது. என் நோட்டுகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு கறுப்புப் பூனைதான் இருக்கிறது. அதனால் நீங்கள் சொல்வது ஒவ்வொன்றும் எனக்குப் பழகின கஷ்டம்.

பென்சில் மின்னுவது உங்கள் கையின் கோளாறு இல்லை. பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட் தகடு தகடாக இருக்கும் பொருள். அழுத்த அழுத்தத் தகடுகள் படிந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கரி அப்படி மின்னாது. காதுக்குள், அக்குளில், வயிற்றடியில் வரும் ஆழ்ந்த இருட்டுக்குக் கரிப் பென்சிலை எடுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அழுத்தித் தீட்டிய கிராஃபைட்டின் மேல் கரி பிடிக்காது, வழுக்கிப் போகும். கரி வரப்போகிற இடங்களை முதலிலேயே காலியாக விட்டுவிடுங்கள்.

வாட்டர்கலரில் ட்யூப் கறுப்பைக் கொஞ்ச காலம் தொடவே வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கெட்டியாகக் கலந்தால் கறுப்பை ஒட்டிய ஓர் இருட்டு கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் சூடு. இதை வைத்துக்கொண்டு மணி ஜன்னல் பக்கம் படுத்திருக்கும்போது கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். முதுகில் வானத்தின் வெளிச்சம் படும் இடம் நீலச் சாம்பலாக இருக்கும். வெயில் நேராக விழும் காதோரம் செம்பழுப்பாகத் தெரியும். வயிற்றடியில் தரையின் நிறம் லேசாக ஏறியிருக்கும். இவற்றையெல்லாம் ஒரே கறுப்பால் மூடினதால்தான் ஓட்டை மாதிரி தெரிந்தது.

முதுகு மினுமினுப்புக்கு வெள்ளை பூச வேண்டாம். முதலில் உடம்பு முழுக்க வெளுத்த நீலச் சாம்பல் ஒரு பூச்சு. மிக வெளிச்சமான இடத்தில் காகிதமே இருக்கட்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு இருட்டைக் கொண்டுவந்து மினுமினுப்பின் ஓரத்தில் நிறுத்துங்கள். காய்ந்தால் நிறம் வெளுக்கும், அதனால் ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகப்படியாகவே தெரிய வேண்டும்.

முடியை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தால் உடம்பு காணாமல் போய்விடும். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502-ல் வரைந்த முயல் வியன்னாவில் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி முடியாக எண்ணி வரைந்தது போலத் தோன்றும். ஆனால் அடியில் மெல்லிய பழுப்புப் பூச்சு உடம்பின் உருண்டையைச் சொல்லிவிடுகிறது. அதற்கு மேல்தான் கோடுகள், அவையும் இடத்துக்கு இடம் திசை மாறும். மணிக்கும் தோள்பட்டையில் முடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நெஞ்சில் சுழி இருக்கும். இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் ஓரங்களில் மட்டும் அந்தச் சாய்வைக் காட்டினால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

அப்புறம் பின்னங்கால். பின்பக்கம் துருத்திக்கொண்டு தெரிகிற மூட்டை நாம் முழங்கால் என்று நினைத்துக்கொள்கிறோம். அது குதிகால். நாய் விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி, குதிகால் எப்போதும் தரையிலிருந்து தூக்கியே இருக்கும். முழங்கால் வயிற்றை ஒட்டி மேலே, நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து இருக்கிறது. மணி நிற்கும்போது இடுப்பெலும்பிலிருந்து கையை மெதுவாகத் தடவி இறக்குங்கள். தொடை முன்னால் போகும், முழங்கால் சில்லு உருண்டையாகத் தட்டுப்படும், அங்கிருந்து எலும்பு பின்னால் சாயும், குதிகாலில் கெட்டியான தசைநாண் வந்து ஒட்டும், பிறகு நேராகத் தரைக்கு. கை ஒருமுறை போய்வந்த பாதையை வளைந்த கோடாகப் போட்டுவிட்டு, அதற்கு மேல் சதையை ஏற்றுங்கள். எனக்கு இது பிடிபட்டது பூனையைத் தடவித்தான்.

பதில்: ஜன்னலோரம்

போட்டோ விஷயம் மட்டும் சொல்கிறேன். போனைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்தால் அருகில் இருக்கிற மூக்கு பெருத்து, காது சிறுத்துவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய் ஜூம் செய்து எடுங்கள். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் வரும், அதனால் தரையில் படுத்து அவன் கண் மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். திரையில் அவன் உடம்பைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். பின்னணி வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, முடியின் விவரம் கிடைக்கும். ஃப்ளாஷ் வேண்டாம்.

பதில்: கோணல்கோடு

போட்டோவை விட அவன் தூங்கும்போது நேரில் வரையுங்கள் என்பேன். ஒரே பக்கத்தில் ஐந்தாறு படங்களை ஆரம்பித்து வையுங்கள். அவன் புரண்டு படுத்தால் அடுத்ததற்குப் போய்விடலாம். வயதான நாய் நாலைந்து நிலைகளில்தான் திரும்பத் திரும்பப் படுக்கும். பழைய நிலைக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு படத்துக்கு முப்பது விநாடி கிடைத்தாலும் முதுகின் வளைவு ஒன்றையாவது பிடித்துவிடுங்கள்.

தாழ்வாரம்

எல்லோருக்கும் நன்றி. செம்மண்கோடு அக்கா, நேற்று அவன் காலைத் தடவிப் பார்த்தேன். வலது குதிகால் இடதை விடக் கொஞ்சம் தடித்திருக்கிறது, அந்தக் காலை அவன் முழுக்க மடக்குவதும் இல்லை. இத்தனை நாள் கூடவே இருந்தும் கவனிக்காமல் போயிருக்கிறேன். மருத்துவரிடம் காட்டப் போகிறோம். படத்தில் அந்தக் காலைக் கொஞ்சம் நீட்டியே வரைந்தேன், உடனே அவன் சாயல் வந்துவிட்டது.

ஒரு சந்தேகம். அவன் கண்ணில் நீலப் புகை படர்ந்த மாதிரி இருக்கிறது. வயதாகிக் கண்வில்லை இறுகியதால் வருவது, பயமில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். அதை எப்படி வரைவது? நான் வரைந்தால் குருட்டுக் கண்ணாக வருகிறது.

பதில்: செம்மண்கோடு

அந்தப் புகை உள்ளே இருக்கிறது, கண்ணின் மேல்பரப்பில் இல்லை. வெளியே ஈரம் அப்படியே இருப்பதால் ஜன்னல் வெளிச்சம் விழும் புள்ளி கூர்மையாகத்தான் தெரியும். நீங்கள் அந்தப் புள்ளியையும் சேர்த்து மழுக்கியிருப்பீர்கள். கருவிழியின் நடுவே நீர்த்த அல்ட்ராமரைனுடன் துளி பழுப்பு சேர்த்து ஈரத்திலேயே பரவ விடுங்கள். மிக இருண்ட நிறம் இமையோரத்துக்கு, முக்கியமாக மேல் இமையின் அடிக்கு. வெளிச்சப் புள்ளிக்குக் காகிதத்தை விட்டுவையுங்கள். ஜன்னல் எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே விடுங்கள், டியூரரின் முயல் கண்ணிலும் ஜன்னல் தெரியும். மூஞ்சி நரைக்கும் இதே முறைதான்: வெள்ளை முடியை வரைய வேண்டாம், அவற்றுக்கு இடையில் இருக்கும் இருட்டை வரையுங்கள்.

தாழ்வாரம்

இன்றைக்குக் கண் மட்டும் ஏழு முறை வரைந்தேன். ஏழாவதில் அவன் என்னைப் பார்க்கிறான். மூஞ்சியை ஆரம்பிப்பதற்குள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தால் கதவோரம் இதே பக்கமாகத்தான் படுப்பான். பிரஷ்ஷைக் கழுவாமல் வைத்திருக்கிறேன்.