பன்றிச் சிறுநீரகத்தை இன்னும் எத்தனை முறை உறைய வைப்பார்கள்?

மருதன்:
சிறுநீரகக் கட்டிக்குள் ஊசி செருகி, உறைய வைத்தே கொல்லும் கிரையோ சிகிச்சை மனிதர்களுக்கு வந்து எவ்வளவோ வருடமாகிவிட்டது. இன்னமும் பன்றி, நாய், முயல் என்று பிடித்து, நோயே இல்லாத சிறுநீரகத்தை உறைய வைத்து, சில நாள் கழித்து அறுத்துப் பார்க்கிறார்கள். இன்னும் என்னதான் பார்க்க வேண்டியிருக்கிறது?

ஊர்க்குருவி:
இப்படியொரு ஆய்வுக்கூடத்தில் மயக்க மருந்து கொடுக்கிற பக்கம் 2 வருடம் நின்றவள் நான். ஊசிக்குள் அழுத்தத்தோடு வரும் ஆர்கான் வாயு நுனியில் சட்டென்று விரியும்; நுனி மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே போய்விடும். சுற்றிலும் பனி உருண்டை வளரும். ஸ்கேனில் அதன் விளிம்பு பளிச்சென்று தெரிவதால், உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் விளிம்பில் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அங்கே செல்கள் தப்பிவிடும். 1998இல் வெளியான பன்றி ஆய்வில், திசு முழுசாகச் சாக −19.4 டிகிரிக்கும் கீழே போக வேண்டும் என்று அளந்தார்கள். அதே ஆண்டு நாய்களில் அளந்தபோது −20 டிகிரி கிடைத்தது விளிம்பிலிருந்து சுமார் 3 மி.மீ. உள்ளே. இன்று கட்டியைத் தாண்டிப் பனியை வளர விடுகிறார்களே, அந்தக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான்.

மருதன்:
சரி, 1998லேயே அளந்தாயிற்று. அப்புறம் புது மாடல் ஊசி வரும்போதெல்லாம் எதற்குப் புதுசாகப் பன்றிகள்? அதுவும் கட்டியே இல்லாத சிறுநீரகம். புற்றுத் திசுவும் அதே டிகிரியில் சாகும் என்று எப்படிச் சொல்வீர்கள்?

கிளிஞ்சல்:
அதைச் சொல்ல முடியாது என்பதால்தானே −40 வரை குறி வைக்கிறார்கள்? முயலில் விஎக்ஸ்2 என்கிற புற்றுக்கட்டியை வளர்த்தும் பார்த்திருக்கிறார்கள். என் கேள்வி வேறு. ஜெல்லிலோ, வெட்டியெடுத்த சிறுநீரகத்திலோ இதைச் செய்தால் என்ன?

ஊர்க்குருவி:
அதில் ரத்தம் ஓடாதே! இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. அந்தச் சூடு பனியின் ஓரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். இன்னொன்று, சாவு உறையும்போதே முடிந்துவிடுவதில்லை. உருகின பிறகு நுண்ணிய நாளங்கள் அடைத்துக்கொண்டு, ரத்தம் கிடைக்காமல் சாகிற திசு நிறைய. செத்த சிறுநீரகத்தில் இதை எப்படிப் பார்ப்பது?

ஒரு நாள் எங்கள் கூடத்தில் நடந்தது. உருகி முடியும் முன்பே பயிற்சியில் இருந்தவர் ஊசியை இழுத்துவிட்டார். நுனி இன்னும் திசுவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பன்றியின் சிறுநீரகம் வெடித்துப் பிளந்தது. பஞ்சை வைத்து அமுக்க அமுக்க ரத்தம் நிற்கவே இல்லை. ஊசியைத் தானாகக் கழலும்வரை தொடக்கூடாது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

மருதன்:
நீங்களே எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள். ஊசி ஒட்டியிருக்கிறதா, கழன்றுவிட்டதா என்று கைக்குப் பழக்க ஜெல் போதுமே! அந்தப் பன்றி ஆய்வறிக்கையில் எப்படி வந்தது?

ஊர்க்குருவி:
விலக்கப்பட்டது என்று ஒரு வரி. காரணம் எழுதவில்லை.

மருதன்:
எழுதியிருந்தால் அடுத்த கூடத்தில் ஒரு பன்றியாவது தப்பியிருக்கும்.

கிளிஞ்சல்:
இங்கே மருதன் பக்கம்தான் நான். பனி என்ன வடிவத்தில் வளர்கிறது, எத்தனை நிமிடத்தில் வளர்கிறது என்பதை ஜெல்லில் முடித்துவிடலாம். ரத்த ஓட்டம், சிறுநீர்ப்பாதை ஆறுவது இந்த இரண்டுக்கும் உயிருள்ள விலங்கை விட்டால் வழி தெரியவில்லை. சிறுநீர் சேரும் குழிவரை பனி தொட்டாலும், ஊசி குத்தாத வரை கசிவில்லாமல் ஆறிவிடும் என்று பன்றிகளில்தானே கண்டார்கள்?

மருதன்:
அதைக் கண்டது ஒரு முறை, சரி. பத்தாவது முறை எதற்கு என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஊர்க்குருவி:
பத்தாவது முறைக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் முறையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.