புதுப்பிப்பு: செய்திக்காக வேலை போன விஷயம்

சர்ச்சையான ஒரு செய்திக்காக என்னை வேலையை விட்டு நீக்கியதை முன்பு எழுதியிருந்தேன். கருத்துச் சுதந்திரத்தைச் சொல்லி வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருந்தேன். வக்கீலைப் பார்த்துவிட்டேன். தனியார் நிறுவனம் என்றால் அந்த வாதம் பெரும்பாலும் நிற்காதாம். அரசுத் தொலைக்காட்சி என்றால் கதை வேறு: 2014-இல் மாட்டூஸ் எதிர் ஹங்கேரி வழக்கில், தணிக்கை பற்றிப் புத்தகம் வெளியிட்டதற்காக நீக்கப்பட்ட செய்தியாளர் பக்கம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நின்றது.

எனக்குள்ள பிடி ஒப்பந்தம்தான். நீக்கும் முன் விளக்கம் கேட்க வேண்டும் என்று அதில் இருக்கிறது, யாரும் கேட்கவில்லை. செய்திக்கு ஆசிரியர் ஒப்புதல் தந்த மின்னஞ்சலும் கையில் இருக்கிறது. ‘இட்டுக்கட்டினார்’ என்று வெளியே சொல்லியிருந்தால் அவதூறு வழக்கும் சேர்ந்திருக்கும். கெட்டிக்காரர்கள், வாயே திறக்கவில்லை.

அப்புறம், இழப்பீட்டோடு ஒரு தாள் வந்தது. கையெழுத்துப் போட்டால் வழக்குத் தொடரும் உரிமை போய்விடும். போடவில்லை. கெடு முடிவதற்குள் மனு தாக்கல் செய்கிறோம்.