விண்டோஸ் 10 போயிட்டா பிரஸ்ஸை மூடணுமா?

ரதவீதி பிரஸ்:
டவுனில் கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ் அடிக்கிற சின்ன பிரஸ் நம்மது. டிசைன் பண்ணுவது 2017-ல் வாங்கின இன்டெல் ஐ3 கம்ப்யூட்டரில், ஏழாம் தலைமுறை சிப். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் அப்டேட்டை நிறுத்திவிட்டது, அதனால் புதுசு வாங்குங்க என்று சர்வீஸ் பையன் சொல்லிவிட்டுப் போகிறான். எட்டு வருஷத்தில் ஒரு நாள் படுக்காத மெஷின். பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் ஓடுது, பாமினி எழுத்துருவில் அடிக்கிறேன், அச்சுக்குப் பிளேட் போகுது. நான் ஏன் மாத்தணும்?

வண்ணார்பேட்டை ஹார்ட்வேர்:
அண்ணாச்சி, பையன் சொன்னது சரிதான். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு, டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் வேறு கேட்கும். சுற்றுவழியில் ஏற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நாளைக்கு ஒரு பெரிய அப்டேட் ஏறாமல் நின்றால் யார் பொறுப்பு? வாங்குவதாக இருந்தால் தள்ளிப்போடாதீங்க. ஏஐ சர்வர்களுக்கே மெமரி எல்லாம் போவதால் ராம் விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. க்ரூஷியல் என்ற பெயரில் நாம் வாங்கிக்கொண்டிருந்த ராமையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பர் 3-ஆம் தேதி அதைச் செய்கிற மைக்ரான் கம்பெனி அறிவித்துவிட்டது.

களக்காட்டுப் பென்குயின்:
விற்கிறவர் வேறு என்ன சொல்வார்? அந்த ஐ3-யில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டால் சும்மா பறக்கும், காசும் கிடையாது. பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்க்ரைபஸ், படம் வரைய இங்க்ஸ்கேப். நல்லா இருக்கிற மெஷினை ஒரு கம்பெனி சொன்னதற்காகப் பழைய இரும்புக்குப் போடுவதா?

ரதவீதி பிரஸ்:
தம்பி, ஸ்க்ரைபஸ் போட்டுப் பார்த்தவன்தான் நான். 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அதை விடுங்க, இருபது வருஷ ஃபைல் எல்லாம் பேஜ்மேக்கரில் கிடக்கு. மூத்தவள் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே இளையவளுக்கும் அடிங்க என்று பார்ட்டி வந்து நின்றால் எதைத் திறந்து காட்டுவது?

பாளை அக்கா:
நீங்க மூணு பேரும் மெஷினைப் பற்றியே பேசுறீங்க. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதுக்கு அப்புறம் அடோபி அதில் பெரிய புதுப் பதிப்பு எதுவும் விடவில்லை. அதைவிடப் பெரிய வினை பாமினி. 'அம்மா' என்று அடிக்க என்ன தட்டுறீங்க? எம், கே, செமிகோலன், கே, ஹெச். ஃபைலுக்குள்ளே இருப்பதும் அந்த ஆங்கில எழுத்துதான், மேலே போர்த்திய தமிழ்ச் சட்டைதான் எழுத்துரு. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் வச்சு எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி வருகிற யூனிகோடைத் தமிழக அரசே 2010-ல் ஆணை போட்டு ஏற்றுக்கொண்டாச்சு. பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மேட்டரும் யூனிகோடுதான். நீங்க அதைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடிச்சுக்கிட்டு இருக்கீங்க, சரிதானே?

ரதவீதி பிரஸ்:
சரிதான், ஒத்துக்கிடுதேன். ஆனால் ஒரு தடவை மாத்திப் பார்த்துச் சூடு பட்டவன் நான். பழைய பாமினி மேட்டரை யூனிகோடாக மாத்துகிற கன்வெர்ட்டரில் போட்டு எடுத்து பிளக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். மண்டபத்து வாசலில் பன்னிரண்டு அடிக்கு நிற்குது, 'வௌ்ளிக்கிழமை' என்று. பெண்ணின் தாய்மாமன் தமிழ் வாத்தியார் வேற. அன்றைக்குச் சாப்பிடாமல் வந்தேன்.

பாளை அக்கா:
அந்தத் தப்பு இணையத்தில் ஆயிரம் இடத்தில் கிடக்கு அண்ணாச்சி. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள'வுக்கும் ஒரே விசை. கொம்பு, வ, ள என்று வரிசையாக வந்ததும் கன்வெர்ட்டர் அதை 'வௌ' என்று எடுத்துக்கும், பின்னால் வருகிற புள்ளி தனியே தொங்கும். வெள்ளி, வெள்ளை, வெள்ளம் எல்லாமே இப்படித்தான் மாட்டும். அதனால்தான் சொல்லுதேன், பழைய ஃபைலை மாத்தாதீங்க, புது வேலையைப் புதுசா அடிங்க. கை பழகியதையும் விட வேண்டாம், இ-கலப்பை என்கிற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையிலேயே யூனிகோடு வரும். உங்களிடம் உடைந்தது பழைய ஸ்க்ரைபஸாக இருக்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6-ல் தமிழ் ஒழுங்காகவே வருது.

ரதவீதி பிரஸ்:
விசை மாறாமல் யூனிகோடு வரும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொல்லலியே! சரி, எழுத்துருவுக்கு என்ன பண்ண? பத்திரிகைக்கு வளைவும் நெளிவுமாக ஐம்பது தினுசு வச்சிருக்கேன், யூனிகோடில் அதில் கால்வாசி கூடக் கண்ணில் படலை.

பாளை அக்கா:
அது நியாயமான குறைதான். மணமக்கள் பெயரை மட்டும் பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக வச்சுக்கோங்க.

வண்ணார்பேட்டை ஹார்ட்வேர்:
எழுத்தெல்லாம் கிடக்கட்டும், வைரஸுக்கு என்ன பதில்? 2017 மே மாதம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை வந்தபோது அதைத் தடுக்கிற அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவன்தான் மாட்டினான். இப்போ தானாக அப்டேட்டே வராது. பிரஸ்ஸுக்கு ஊர்ப்பட்ட பென்டிரைவ் வருமே. ஒரு வழி இருக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பேக்கப் ஆன் பண்ணினால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் சும்மாவே கிடைக்கும், இல்லாவிட்டால் 30 டாலர். விண்டோஸ் மட்டும் ஒரிஜினலாக இருக்கணும். உங்களது ஒரிஜினல்தானே?

ரதவீதி பிரஸ்:
அதைப் போட்டுத் தந்ததும் உங்களை மாதிரி ஒரு சர்வீஸ்காரர்தான். அவரைத்தான் கேட்கணும்.

களக்காட்டுப் பென்குயின்:
நெட் வயரைப் பிடுங்கிருங்க அண்ணாச்சி. பேஜ்மேக்கர் மெஷின் தனியாக் கிடக்கட்டும். மூலையில் கிடக்கிற வேறொரு பழைய பெட்டியில் மின்ட் போட்டு வாட்ஸ்அப், பணம், பார்ட்டி பென்டிரைவ் எல்லாம் அதில் பாருங்க. விண்டோஸ் வைரஸ் அங்கே பல்லைக் காட்டாது.

வண்ணார்பேட்டை ஹார்ட்வேர்:
மேட்டரை அங்கிருந்து இங்கே எதில் கொண்டு போவார்? அதே பென்டிரைவில்தானே வே.

பாளை அக்கா:
மார்கழியில் முகூர்த்தம் இல்லையே, அப்போ பைய மாத்துங்களேன்.

ரதவீதி பிரஸ்:
தாயி, தை முகூர்த்தத்துப் பத்திரிகை பூரா மார்கழியில்தான் அடிக்கணும். எனக்குத் தூக்கமே அந்த மாசம் கிடையாது. வயரை மட்டும் இன்றைக்கே பிடுங்கிட்டேன். இப்போ வாட்ஸ்அப்பில் வந்த மேட்டரைப் பார்க்க மகன் செல்லைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். அவன் கேம் ஆடிக்கிட்டே தர மாட்டேங்கான்.