புதுப்பிப்பு: பங்குனி உத்தரத் தண்ணீர்ப்பந்தல், கப் குப்பை

கிளிநொச்சி புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கலுக்கு நடந்தும் வண்டிலிலும் வரும் சனத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடும்போது கப் குப்பையை எப்படிக் குறைக்கலாம் என்று தவிசாளராகக் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

2023 ஒக்டோபரில் இலங்கையில் பிளாஸ்டிக் கப் தடையான பிறகும் கடதாசிக் கப் வயல் வரம்பெல்லாம் கிடந்தது. அதன் உட்பக்கத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு, லேசில் உக்காது. கப்புக்குப் பதிலாகச் சிரட்டையில் கொடுக்கும் யோசனையை முதலில் பார்த்தோம். வெடிப்பு விழுந்து ஒழுகியது.

கைகொடுத்தது, மரண உதவிச் சங்கத்தின் எவர்சில்வர் பேணிகளை இரவல் வாங்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். மாதர் சங்கமும் தங்களுடையதைத் தந்தது. மோரும் சர்க்கரைத் தண்ணியும் அதிலேயே கொடுத்தோம். விடிய ரோட்டோரம் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது.

எதிர்பாராதது ஒன்று: குடிக்கப் போனதைவிடக் கழுவத்தான் தண்ணீர் கூடப் போனது. பின்னேரத்துக்குள் பவுசர் (தண்ணீர் லொறி) வற்றி, லாண்ட்மாஸ்டரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) இன்னொரு தாங்கி ஏற்றி வந்தோம். பிறகு மூன்று வாளி வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அலசியதும் தண்ணீர்ச் செலவு நன்றாகக் குறைந்தது. கழுவின தண்ணி பக்கத்து வாழைகளுக்குப் போனது. பேணியில் அடையாளப் பெயின்ற் பூசிவிடுங்கள். இரண்டு சங்கத்துப் பேணியும் கலந்து, பிரிக்க ஒரு முழுநாள் போனது.

வைகாசியில் முல்லைத்தீவு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் இதே ஒழுங்குதான்.