தினமும் 50 பஸ்கி போதுமா? வீட்டிலேயே செய்ய எந்தக் கால் பயிற்சி நல்லது?

நடைவிரும்பி:
வயது 41, எடை 76 கிலோ, உட்கார்ந்தே பார்க்கும் வேலை. காலையில் 40 நிமிட நடை, முடிந்ததும் 50 பஸ்கி. ஆனாலும் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. இடது முழங்காலில் மடக்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறது, வலி இல்லை. ஜிம் போக வழியில்லை. வீட்டில் 10 கிலோ டம்பெல் ஒரு ஜோடி இருக்கிறது. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் ஒதுக்கலாம். பஸ்கியையே நூறாக்குவதா, வேறு ஏதாவது சேர்ப்பதா? யூடியூபில் ஆளுக்கு இருபது பயிற்சி சொல்கிறார்கள், எதை எடுப்பது எதை விடுவது என்றே தெரியவில்லை.

இரும்புத்தட்டு:
நூறாக்க வேண்டாம். ஒரே மூச்சில் 50 எடுக்க முடிகிறது என்றால் அந்தச் சுமை உங்கள் காலுக்குப் பழகிவிட்டது. இனி எண்ணிக்கையைக் கூட்டினால் தாக்குப்பிடிக்கும் திறன் கூடும், வலு பெரிதாகக் கூடாது. தரையிலிருந்து எழ வலுதான் வேண்டும்.

பஸ்கியில் இன்னொரு குறையும் உண்டு. முன்தொடைக்கும் பிட்டத்துக்கும் வேலை கிடைக்கும், பின்தொடை கிட்டத்தட்ட சும்மா இருக்கும். பின்தொடைத் தசை இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளைக் கடந்து போகிறது. நீங்கள் உட்காரும்போது இடுப்புப் பக்கம் நீளும், முழங்கால் பக்கம் சுருங்கும். மொத்த நீளம் அதிகம் மாறாது. அதனால்தான் எத்தனை பஸ்கி போட்டாலும் அதற்கு உறைப்பதில்லை.

உங்களுக்கு நான்கு அசைவு போதும். எடையோடு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), இடுப்பை மடக்கும் ரொமேனியன் டெட்லிஃப்ட் (எடையைப் பிடித்தபடி இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து நிமிர்வது), ஒற்றைக்கால் பயிற்சி ஒன்று, கெண்டைக்கால். முதல் மூன்றும் 3 செட் (நிறுத்தாமல் தொடர்ந்து எடுக்கும் ஒரு சுற்றுதான் செட்), கெண்டைக்கால் 2 செட். செட்டுக்கு இடையில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. இன்னும் இரண்டு மூன்று முறை எடுக்கலாம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஸ்குவாட்டுக்கு ஒரு டம்பெல்லை நிமிர்த்தி, மேல் தட்டை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். கால் தோள் அகலம், விரல்கள் சற்று வெளிப்பக்கம். 3 நொடி எடுத்து இறங்கி, கீழே ஒரு நொடி நின்று, எழுங்கள். இப்படி 10 எடுத்துப் பாருங்கள், 50 பஸ்கி எவ்வளவு சுளுவு என்று தெரியும். 15 எளிதாகிவிட்டால் பத்து கிலோ அரிசிப் பையை முதுகுப்பையில் போட்டு, அதை நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டு, டம்பெல்லையும் பிடியுங்கள்.

மூட்டுமுனை:
மேலே சொன்னதில் புதிதாகத் தொடங்குபவர்கள் கெடுப்பது ரொமேனியன் டெட்லிஃப்டைத்தான். குனிந்து எடுப்பதாக நினைத்து முதுகை வளைத்துவிடுவார்கள். முதலில் எடையில்லாமல் ஒரு துடைப்பக்கட்டையை முதுகோடு நீளவாக்கில் வைத்துப் பிடியுங்கள். பின்மண்டை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கட்டை பட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவதுபோல இடுப்பைப் பின்னுக்குக் கொண்டுபோங்கள். மூன்றில் ஒரு இடம் கட்டையை விட்டு விலகினால் அதுதான் உங்கள் எல்லை, அதற்குக் கீழே போகாதீர்கள்.

பழகியபின் இரண்டு டம்பெல்லோடு செய்யலாம். எடை தொடையை உரசிக்கொண்டே இறங்கட்டும். காலை விட்டு முன்னே விலகினால் பாரம் கீழ்முதுகில் ஏறும். பின்தொடை இழுக்கும் உணர்வு வராமல் முழங்கால் மட்டும் மடங்குகிறது என்றால் நீங்கள் செய்வது அரைகுறை ஸ்குவாட்.

முழங்கால் சத்தம்: வலியோ வீக்கமோ இல்லாத வரை பொதுவாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. வீங்கினாலோ, மடங்கிய கால் பூட்டிக்கொண்டாலோ, திடீரென நிலைகுலைந்தாலோ எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தண்டால்காரன்:
பஸ்கியை இப்படிக் குறைத்துப் பேசுவது ஒப்பவில்லை. மல்யுத்தக்காரர்கள் பைட்டக் (பஸ்கிக்கு வடக்கே வழங்கும் பெயர்) போட்டே தொடை வளர்த்தார்கள். முழங்கால் விரலைத் தாண்டலாமா என்றும் ஒரு பயம் உலவுகிறது. நல்ல முழங்காலுக்கு அதனால் கேடில்லை. தாண்டவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தால் உடல் முன்னால் சாய்ந்து, பாரம் இடுப்புக்கும் முதுகுக்கும் போகும்.

ஆனால் ஒன்று: பைட்டக்கில் குதிகால் உயரும், முழங்கால் நன்றாக முன்னே போகும், பாரம் முன்தொடையில் குவியும். எடையோடு செய்யும் ஸ்குவாட்டில் பாதம் முழுக்கத் தரையில் இருக்கட்டும். குதிகால் தானாக எழும்பினால் பெரும்பாலும் கணுக்கால் இறுக்கம்தான் காரணம். இரண்டு செ.மீ. தடிமன் பலகையைக் குதிகாலுக்கு அடியில் வைத்துத் தொடங்கலாம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழக்கமே இல்லாமல் முதல் நாளே வீம்புக்கு 300, 400 என்று போடாதீர்கள். வழக்கமான தசைவலி ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தணியும். தாங்க முடியாத வலி, வீக்கம், கூடவே சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். சிறுநீரகத்தையே பாதிக்கும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நடைவிரும்பி:
நன்றி. ஒற்றைக்காலுக்கு எது? ஸ்ப்ளிட் ஸ்குவாட் (ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து இறங்கி எழுவது) முயன்றேன், தள்ளாடுகிறேன். கெண்டைக்காலுக்கு நடையே போதாதா?

இரும்புத்தட்டு:
இரண்டு பாதத்தையும் ஒரே கோட்டில் வைத்தால் கயிற்றின் மேல் நிற்பது மாதிரிதான், யாரும் தள்ளாடுவார்கள். இடுப்பு அகல இடைவெளி விடுங்கள், ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொள்ளுங்கள். பின்காலைத் தூக்கி வைக்கும் வகையை இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம். அதற்குக்கூட பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும்.

தரையிலிருந்து எழுவதுதான் குறி என்றால் முதலில் மாடிப்படியில் ஸ்டெப்-அப். வீட்டுப் படி ஒன்று 15 முதல் 18 செ.மீ. இருக்கும். ஒரு படியில் தொடங்கி, பிறகு இரண்டாவது படியில் கால் வையுங்கள். கீழே நிற்கும் காலால் உந்தி ஏறுவது எல்லோரும் செய்யும் திருட்டு. அந்தக் காலின் விரல்களைத் தரையிலிருந்து தூக்கி, குதிகாலில் மட்டும் நின்று ஏறினால் அந்தத் திருட்டு நடக்காது. இறங்குவதும் மெதுவாக, 3 நொடி. ஒவ்வொரு காலுக்கும் 8.

நடையில் குதிகால் முழு உயரத்துக்கு எழும்புவதில்லை, அதனால் கெண்டைக்காலுக்குத் தனியாகத்தான் செய்ய வேண்டும். படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கி, இரண்டு நொடி அங்கேயே நின்று எழும்புங்கள். நிற்காமல் துள்ளினால் கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாண் ஸ்பிரிங் போலத் தூக்கிவிடும், தசைக்கு வேலை மிச்சம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 12 வந்தால் போதும், அடுத்த வாரம் 13.

மூட்டுமுனை:
இரண்டு நாளையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். செவ்வாய், வெள்ளி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் நடையை 40-லிருந்து 15 நிமிடமாக்கி, அதையே உடலைச் சூடேற்ற வைத்துக்கொண்டால் பயிற்சிக்கு நேரமும் கிடைக்கும்.