சப்ஸ்கிரிப்ஷன்: சிமெண்ட் கடைக்காரருக்குப் புரியும் சொல் எது?

ஈரோடு, செவ்வாய் காலை

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

சிறுநகரக் கட்டுமானப் பொருள் கடைக்காரர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். மாதாமாதம் ஒரு தொகையை முன்னால் வாங்கிக்கொண்டு, பேசிய சரக்கைத் தொடர்ந்து அனுப்பும் விற்பனை முறை இந்தத் தொழிலுக்கு ஏன் ஒத்துவராது என்பதுதான் அத்தியாயம்.

சப்ஸ்கிரிப்ஷனுக்குச் 'சந்தா' என்று எழுதி, எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். "சந்தாவா? சங்கத்துக்கு வருஷா வருஷம் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார். அவருக்குச் சந்தா என்பது அவர் கட்டுவது. அவருக்கு யாரும் கட்டுவதில்லை. அத்தியாயம் முழுக்கத் தலைகீழாகப் புரிந்திருக்கிறது. வேறு சொல் சொல்லுங்கள்.

தஞ்சாவூர், செவ்வாய் மதியம்

தம்பி, சந்தா பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். நம்மிடம் இல்லாததற்குத்தானே கடன் வாங்க வேண்டும்? சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நுந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு போனாலும் குட்டி வரும், எண்ணிக்கை குறையாது என்று கருதி 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். முதலீட்டை முன்னால் கொடுத்துவிட்டு நாள் தவறாமல் பொருள் பெறும் ஏற்பாடு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இருந்திருக்கிறது.

இப்படித் தவறாமல் அளப்பதற்குப் 'படி' என்று பெயர். கோயிலில் படித்தரம், அரசு ஊழியருக்குப் பஞ்சப்படி, பயணப்படி. ஆகவே என் பரிந்துரை 'படிமுறை விற்பனை'.

கோவை, செவ்வாய் இரவு

> ஆகவே என் பரிந்துரை 'படிமுறை விற்பனை'.

ஐயா, கட்டுமானக் கடையில் படி என்றால் மாடிப்படியும் வாசற்படியும்தான். 'படிமுறை' என்றால் கட்டம் கட்டமாக என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்த அத்தியாயத்தில் அது பெரிய குழப்பமாகிவிடும். ஏனென்றால் வீட்டு வேலை உண்மையிலேயே படிப்படியாகத்தான் நடக்கிறது, சந்தா ஒத்துவராததற்கே அதுதான் காரணம்.

நான் இருபது வருடமாகச் சைட்டில் நிற்கிறவன், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மேஸ்திரிகள் போடும் மனக்கணக்கு சுமார் 400 மூட்டை சிமெண்ட். அதைப் பத்து மாதத்துக்கு மாதம் 40 என்று பிரித்து அனுப்ப முடியுமா? கடைக்காலுக்குக் கொஞ்சம் போகும். சுவர் எழும்பும்போது தினமும் சில மூட்டை. ஐந்து அங்குலத் தளம் போடும் அன்று மட்டும் ஒரே நாளில் நூறு மூட்டைக்குப் பக்கத்தில் வேண்டும், ஒரு மூட்டை குறைந்தாலும் வேலை பாதியில் நிற்கும். அப்புறம் தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்கும் வரை கடைப்பக்கம் யாரும் வரமாட்டார்கள். மழை பிடித்தால் அதுவும் தள்ளிப்போகும். ஆடியிலும் மார்கழியிலும் பூமி பூஜையே போடமாட்டார்கள்.

சரி, மாதம் 40 வாங்கி அடுக்கி வைக்கலாமே என்றால், சிமெண்ட் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கட்டி தட்டும். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது முறை. மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிடுவது அதற்குத்தான்.

விலையும் நிற்காது. கம்பி விலை நாளுக்கு நாள் மாறுகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. அதற்கு முன்பே ஓராண்டுக்கு ஒரே விலை பேசி முன்பணம் வாங்கிய கடைக்காரர் ஒருவர் இருந்திருந்தால், அன்று காலை எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்!

எல்லாவற்றையும் விட, வீடு கட்டுகிறவர் கையில் முன்கூட்டிப் பணம் இருக்காது. வங்கி கடனைக் கட்டம் பார்த்துத்தான் விடுவிக்கிறது. வாசல், ஜன்னலுக்கு மேலே லிண்டல் உத்தரம் வந்தால் ஒரு தொகை, தளம் வந்தால் ஒரு தொகை. அதுவரை கடைக்காரர் 'பற்று' எழுதித்தான் சரக்குக் கொடுக்கிறார். சரக்கு முதலில், பணம் பிறகு. சப்ஸ்கிரிப்ஷன் இதற்கு நேர் எதிர். பற்றுக்கு எதிரானது இது என்று அவருக்குத் தெரிகிற மாதிரிச் சொல் வேண்டும்.

யாழ்ப்பாணம், புதன் காலை

சப்ஸ்கிரிப்ஷன் என்ற சொல்லுக்கு லத்தீனில் 'கீழே எழுதுதல்' என்று பொருள். தாளின் கீழே பெயரை எழுதி, இவ்வளவு தருவேன் என்று ஒப்புக்கொள்வது. ஒப்பந்தத்தில் ஒப்பமிடுவதை நாங்கள் இங்கே 'கைச்சாத்திடுதல்' என்றே எழுதுகிறோம். பத்திரிகையில் அன்றாடம் வருகிற சொல். 'கைச்சாத்து விற்பனை' என்றால் என்ன? சீமெந்து வியாபாரிக்கும் விளங்கும்.

தஞ்சாவூர், புதன் காலை

நல்ல சொல்லை நினைவூட்டினீர்கள். சாமிக்கு மாலை சாத்துகிறோம், சந்தனம் சாத்துகிறோம். கையைத் தாளில் சாத்துவதும் அதே வினைதான் என்பது என் எண்ணம். இன்னொரு சாத்தும் உண்டு, அது வணிகர் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்குமோ என்று நெடுநாளாக யோசித்து வருகிறேன். வணிகர் கூடி ஓலையில் கை சாத்தியதால்...

மதுரை, புதன் மதியம்

ஐயா, வணிகச் சாத்தை வடமொழி 'சார்த்த' என்பதோடு சேர்த்துப் பார்ப்பவர்களே அதிகம். அதற்குத் தனி இழை தொடங்குவோம். ஈரோட்டு நண்பருக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

சென்னை, புதன் மாலை

நான் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு இந்தக் கருத்தைச் சொல்ல நான் எடுத்துக்காட்டுவது ஆவின் பால் அட்டை. மாதத்துக்குப் பணம் முன்னால் கட்டிவிட்டோம், தினமும் பால் வருகிறது. எல்லாருக்கும் ஒரு நொடியில் புரியும். பால் ஏன் ஒத்துவருகிறது, சிமெண்ட் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்: பால் தினமும் வேண்டும், அதே அளவு வேண்டும், நாளைக்கு வைத்திருக்க முடியாது. வீடோ வாழ்நாளில் ஒருமுறை கட்டுவது.

கோவை அண்ணன் சொன்ன 'பற்றுக்கு எதிர்' என்பது மிகச் சரி. பணத்தை முன்னால் கட்டுவதால் 'முன்கட்டு முறை' என்று வைக்கலாமா? சின்னச் சொல், வேரும் தமிழ்.

காரைக்குடி, புதன் இரவு

அம்மா, கருத்து நன்று. ஆனால் எங்கள் ஊரில் முன்கட்டு என்றால் வீட்டின் முன்பகுதி. முன்கட்டு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று வீட்டையே பிரித்துச் சொல்வோம். வேறு தொழிலுக்கு எழுதும் நூலென்றால் பரவாயில்லை. கம்பியும் ஓடும் விற்கிறவரிடம் 'முன்கட்டு முறை' என்றால் வரைபடத்தைத்தான் எடுப்பார்.

சென்னை, புதன் இரவு

ஆமாம், அது தோன்றாமல் போனது. அப்படியானால் சந்தாவை விடாமல், யார் கட்டுவது என்பதை முன்னால் சேர்த்துவிடலாம்: 'வாடிக்கைச் சந்தா'. வாடிக்கையாளர் கடைக்குக் கட்டும் சந்தா. சங்கச் சந்தாவோடு குழம்பாது.

மதுரை, வியாழன் காலை

எனக்குச் சம்மதம்.

கோவை, வியாழன் காலை

எனக்கும். 'பற்று வாடிக்கை', 'சந்தா வாடிக்கை' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பத்தி எழுதினால் அத்தியாயத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

தஞ்சாவூர், வியாழன் மதியம்

> 'வாடிக்கைச் சந்தா'

சந்தா பாரசீகம். வாடிக்கை தெலுங்கு 'வாடுக'வின் உறவு. இரண்டு கடன்சொல்லை ஒட்டிவிட்டு அதற்குக் கலைச்சொல் என்று பெயரா? வாசகருக்குப் புரிய வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பஞ்சப்படி முதல் நாள் கேட்டவருக்குப் புரிந்திருக்குமா? சொல்லிச் சொல்லித்தான் புரிந்தது. நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

யாழ்ப்பாணம், வியாழன் மதியம்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. கைச்சாத்தும் எங்களுக்கு அப்படிப் பழகித்தான் வந்தது. எனினும் நாளை அச்சு என்பதால் வாடிக்கைச் சந்தாவுக்கு எதிராக நிற்க மாட்டேன்.

ஈரோடு, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. மாலை அதே கடைக்காரரிடம் போனேன். 'வாடிக்கைச் சந்தா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றேன். கொஞ்சம் யோசித்து, "பால் கார்டு மாதிரியா?" என்றார். பற்று நோட்டைத் தட்டிக் காட்டி, "இதை என்ன செய்யறது அப்புறம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையே அத்தியாயத்தின் முதல் வரியாக வைத்துவிட்டேன். வாடிக்கைச் சந்தா என்றே போகிறது.

தஞ்சாவூர் ஐயாவுக்கு: சொல்லடைவில் அதன் பக்கத்திலேயே 'நாட்படி'யையும் சேர்த்திருக்கிறேன். படிமுறையை விட அதில் குழப்பம் குறைவு என்று பட்டது.

தஞ்சாவூர், வெள்ளி அதிகாலை

மகிழ்ச்சி தம்பி. ஆனால் சரக்கு மாதாமாதம் போகிறது என்றீர்களே. நாட்படி அன்று, 'திங்கட்படி' என்று திருத்துங்கள். அச்சகம் திறக்க இன்னும் நேரம் இருக்கிறதல்லவா?