சின்ன கேஸில் இரண்டாவது ஹார்ட் டிஸ்க்: நுவரெலியா குளிரிலும் 57 டிகிரி, என்ன செய்யலாம்?

நுவரெலியா_வீடியோ
வணக்கம். கல்யாண வீடியோ எடிட் பண்ணும் கடை வைத்திருக்கிறேன். பாவித்த எஸ்எஃப்எஃப் (சின்ன கேஸ் வகை) ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று, உள்ளே எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க்) மட்டும்தான். பழைய வீடியோ எல்லாம் சேர்த்து வைக்க 3.5 இஞ்ச் 4 டிபி டிஸ்க் வாங்கி, டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இருபக்க டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். சும்மா இருக்கும்போது 46, பெரிய ஃபோல்டர் காப்பி ஓடினால் 57 வரை போகிறது, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் மஞ்சள் எச்சரிக்கை காட்டுகிறது. நாங்கள் பகலிலேயே ஸ்வெட்டரோடு உட்காரும் ஊரில் இதற்கு மட்டும் ஏன் இந்தச் சூடு? மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?

மஸ்கெலியா_தம்பி
கழற்றி விடுங்க அண்ணே, நான் அப்படித்தான் ஓட்டுறேன்.

பண்டாரவளை_ரிப்பேர்
வேண்டாம். இந்த வகைக் கேஸில் காற்று முன்னால் நுழைந்து பின்னால் போகும்படி வழி அமைத்திருக்கிறார்கள். மூடியை எடுத்தால் ஃபேன் பக்கத்திலிருக்கும் காற்றைத்தான் இழுக்கும், டிஸ்க் இருக்கும் மூலைக்கு ஒன்றும் போகாது. தூசும் ஈரமும் வேறு.

அறை குளிராக இருப்பதால் மட்டும் டிஸ்க் குளிராது, சூடு வெளியேற வழி வேண்டும். உங்கள் டேப் பஞ்சு மாதிரி, டிஸ்க்கின் சூடு கேஸின் தகரத்துக்குப் போகாமல் தடுக்கிறது. இன்னொன்று, நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, அதனால் அதே ஃபேன் கொஞ்சம் குறைவாகத்தான் குளிர்விக்கும். பயப்பட வேண்டாம், சாதாரண டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் வரை ஓடத்தான் செய்யப்பட்டவை.

டேப்பை உரிக்கும்போது டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், பக்கத்திலேயே மூடாதே என்று எழுதியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக அதுதான் வழி, அதன்மேல் டேப் இருந்தால் முதலில் எடுங்கள்.

அப்புறம் டிவிடி டிரைவ் இருந்த 5.25 இஞ்ச் இடத்தில் 3.5 டிஸ்க் பொருத்தும் இரும்பு பிராக்கெட் கடைகளில் கிடைக்கும். அந்த இடம் 41 மில்லிமீட்டர் உயரம், டிஸ்க் 26தான், மேலும் கீழும் காற்று ஓட இடம் வரும். டிவிடியில் இருந்த ஆணிகளைப் போடாதீர்கள், அவை எம்3 அளவு மரை, 3.5 டிஸ்க்குக்கு வேண்டியது 6-32 என்ற வேறு அளவு மரை. முன்பக்க பிளாஸ்டிக் மூடியை எடுத்துவிட்டு வலை வைத்தால் இன்னும் நல்லது.

ஹட்டன்_நெட்
57 என்றதும் பதற வேண்டாம். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு 60 வரை அனுமதி. 2007ல் கூகுள் தன்னுடைய ஏராளமான டிஸ்க்குகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்விலும், சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவுக்குத் தொடர்பு இல்லை, ரொம்பச் சூடானால்தான் தெரிகிறது என்று வந்தது. ஆனாலும் 60க்கு மூன்று டிகிரி பக்கத்தில் கல்யாண வீடியோவை வைக்க நானே துணிய மாட்டேன், 45 பக்கம் கொண்டுவாருங்கள். இன்னொரு காப்பி வெளியே இருக்கிறதா?

ஃபேன் தேவைப்பட்டால் 12 வோல்ட் ஃபேனை 5 வோல்ட்டில் கொடுங்கள், சத்தமே வராது. சில ஃபேன் 5ல் சுற்றத் தொடங்காது, வாங்கும்போதே போட்டுப் பாருங்கள். வயர் மாற்றும் அடாப்டர் வாங்கினால், பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய ரகம் வேண்டாம், உள்ளே ஷார்ட் ஆகிக் கருகும்.

நுவரெலியா_வீடியோ
பிராக்கெட் கண்டியில் கிடைத்தது. ஓட்டையின் பாதி டேப்புக்குள்தான் இருந்தது! முன்மூடியையும் எடுத்துவிட்டேன். இப்போது சும்மா இருந்தால் 38, காப்பி ஓடும்போது 46. ஃபேன் இன்னும் போடவில்லை. வெளிக் காப்பி பாதி வீடியோவுக்குத்தான் இருக்கிறது, மீதியை ராத்திரியில் ஓட விடுகிறேன்.

மஸ்கெலியா_தம்பி
என்னுடையது உள்ளங்கை அளவு மினி பிசி, இதே பிராக்கெட் சரிவருமா?

பண்டாரவளை_ரிப்பேர்
வராது தம்பி. அதில் 3.5க்கு இடமும் இல்லை, அது கேட்கும் 12 வோல்ட் வயரும் பெரும்பாலும் இருக்காது. 2.5 இஞ்ச்தான், அதிலும் 7 மில்லிமீட்டர் தடிப்புள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், 9.5 அநேகமாக மூடியில் முட்டும். எஸ்எஸ்டியாக இருந்தால் சூட்டுப் பிரச்சினையும் குறைவு. மூடியைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.